வெளிச்சம் விண்கலத்தைத் தள்ளுமா? சூளூர்பேட்டைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆந்திராவின் சூளூர்பேட்டையில் இன்டர் (நம் பிளஸ் 1, பிளஸ் 2) படிக்கிற பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு, பாடம் இரண்டும் கலந்து. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் வகுப்பு நடக்காது, எல்லாரும் மொட்டை மாடியில்தான் இருப்பார்கள். புகை கலைவதற்குள் யாராவது ஒருவர், "இவ்வளவு எரிக்காமல் மேலே ஓட்ட வழியே இல்லையா சார்?" என்று கேட்பார். இருக்கிறது, வெளிச்சத்தால் தள்ளலாம் என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பிள்ளைகள், அவர்களுடைய அப்பாக்கள், பழவேற்காட்டில் இருக்கும் என் தாய்மாமா என்று ஆளாளுக்குக் கேட்டுத் தீர்க்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன்.

வெளிச்சத்துக்கு எடையே இல்லை. எடை இல்லாதது எப்படித் தள்ளும்?

முதலில் வருவது எப்போதும் இதுதான், கேட்பதும் நியாயம்தான். பள்ளியில் உந்தம் என்றால் நிறை பெருக்கல் திசைவேகம் என்று மனப்பாடம் செய்துவிடுகிறோம். நிறை சுழி என்றால் உந்தமும் சுழிதானே என்று தோன்றும். ஆனால் அந்தச் சூத்திரம் பந்துக்கும் பஸ்ஸுக்கும் போதும், ஒளிக்குப் போதாது. ஒளியின் உந்தம் அது சுமக்கும் ஆற்றலை ஒளியின் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. ஆற்றல் இருக்கிறவரை உந்தமும் இருக்கும்.

எப்படித் தள்ளுகிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஒளி ஒரு மின்காந்த அலை. அது ஒரு உலோகத் தகட்டில் விழும்போது அதன் மின்புலம் தகட்டிலுள்ள எலக்ட்ரான்களைப் பக்கவாட்டில் அசைக்கிறது. அசைகிற எலக்ட்ரான் என்றால் மின்னோட்டம், மின்னோட்டத்தின் மேல் காந்தப்புலம் விசை செலுத்தும், நம் மோட்டாரில் நடக்கிற அதே சங்கதி. அந்த விசையின் திசையைக் கையை விரித்து விதிப்படி பார்த்தால் ஒளி போகிற பக்கமே காட்டும். மேக்ஸ்வெல் 1873-இல் இதைக் கணக்காகவே எழுதி வைத்துவிட்டார். 1900 வாக்கில் மாஸ்கோவில் லெபதேவ் வெற்றிடக் குடுவைக்குள் மெல்லிய இறகுத் தகடுகளைத் தொங்கவிட்டு அளந்தும் காட்டினார்.

அதற்கெல்லாம் முன்பே, 1619-இல், வால்நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீள்கிறது என்பதைப் பார்த்துவிட்டுச் சூரிய ஒளிதான் தள்ளுகிறது என்று கெப்ளர் சொல்லியிருக்கிறார். தூசி வாலைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி.

சரி, எவ்வளவு தள்ளும்? எண் சொல்லுங்கள்.

பூமி இருக்கிற தூரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட் சூரிய ஆற்றல் வருகிறது. அதை நொடிக்கு 30 கோடி மீட்டர் என்ற ஒளியின் வேகத்தால் வகுத்தால் 4.5 மைக்ரோ நியூட்டன். இது ஒளியை முழுக்க விழுங்கிவிடும் கறுப்புத் தகட்டுக்கு. கண்ணாடி போலத் திருப்பி அடித்தால் வந்தபோது ஒரு தள்ளு, திரும்பும்போது ஒரு தள்ளு, ஆக இரு மடங்கு, 9 மைக்ரோ நியூட்டன்.

இந்த எண்ணைச் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்காது என்று கண்டுபிடித்துவிட்டேன். அதனால் நம்மூர் நிலக் கணக்கில் சொல்கிறேன். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். 25 சென்ட், அதாவது கால் ஏக்கர் நிலம் முழுக்கக் கண்ணாடி விரித்து விண்வெளியில் சூரியனுக்கு நேரே பிடித்தால் கிடைக்கிற தள்ளல், தராசில் ஒரு கிராம் எடைக்கல்லை வைத்தால் தட்டு உணர்கிற விசையை விடச் சற்றுக் குறைவு.

கால் ஏக்கருக்கு ஒரு கிராம்கூட இல்லை. இதைக் கேட்டதும் பாதிப் பேர் ஆர்வம் போய்க் கீழே இறங்கிவிடுவார்கள்.

இந்தச் சுண்டைக்காய் விசைக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம்?

இறங்காமல் நிற்கிற மீதிப் பேருக்கு. ராக்கெட் எஞ்சின் பிரம்மாண்டமாகத் தள்ளும், ஆனால் சில நிமிடங்களில் எரிபொருள் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் கலம் சும்மா மிதந்து போவதுதான். வெளிச்சம் தள்ளுவது மிகக் கொஞ்சம், ஆனால் நிற்காது. விண்வெளியில் உராய்வும் இல்லாததால் சேர்ந்த வேகம் சேர்ந்தபடியே இருக்கும். சீட்டுக் கட்டுகிற மாதிரி.

வெளிச்சத்தைப் பிடிக்கப் படகுப் பாய் மாதிரி பளபளக்கும் மெல்லிய தாளை விரிக்கிறார்கள், அதுதான் ஒளிப்பாய். லைட்செயில் 2 என்ற சின்ன ஒளிப்பாய்க் கலத்தை எடுத்துக்கொள்வோம். எடை 5 கிலோ, பாய் 32 சதுர மீட்டர், ஒரு சென்ட்டுக்கும் குறைவு. அதன்மேல் விழும் விசை சுமார் 0.29 மில்லி நியூட்டன், ஒன்றிரண்டு அரிசி மணிகளின் எடை. இந்த விசையை 5 கிலோவால் வகுத்தால் முடுக்கம் நொடிக்கு நொடி 0.058 மில்லிமீட்டர். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் எறும்பு ஊர்கிற வேகம்கூட இருக்காது. ஆனால் நாள் முழுக்கப் பாயைச் சூரியனுக்கு நேரே வைத்திருக்க முடிந்தால் 86,400 நொடியில் அது நொடிக்கு 5 மீட்டராகிவிடும், சைக்கிளில் போகிற வேகம். ஒரு மாதத்தில் நொடிக்கு 150 மீட்டர், அதாவது மணிக்கு 540 கிலோமீட்டர். ஒரு சொட்டு எரிபொருள் செலவில்லை, எரிபொருள் தொட்டியே இல்லை.

நிஜத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிற கலத்தால் எப்போதும் சூரியனுக்கு நேரே பாயைப் பிடிக்க முடியாது, பிடித்தாலும் பலனில்லை. ஏன் என்று பாய்மரக் கேள்வியில் வரும்.

சூரியக் காற்று என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. சூரியக் காற்று என்பது சூரியனிலிருந்து பறந்து வரும் புரோட்டான், எலக்ட்ரான் துகள்கள். அதன் அழுத்தம் ஒளியின் அழுத்தத்தை விட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. ஒளிப்பாயை ஓட்டுவது வெளிச்சம்தான். பாய், காற்று என்று பேசிப் பேசி இந்தக் குழப்பத்தை நாமே உண்டாக்கிக்கொண்டோம்.

அறிவியல் கண்காட்சியில் கண்ணாடிக் குமிழுக்குள் வெயில் பட்டால் சுற்றுமே ஒரு காற்றாடி, அது ஒளி அழுத்தத்தால்தானே?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் காது சிவக்கும். இரண்டு வருஷம் நானே பிள்ளைகளிடம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆன்லைனில் ஒன்று வாங்கி மேஜைமேல் வைத்துப் பெருமையாகக் காட்டினேன். நாலு தகடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளி. ஜன்னல் வெயிலில் வைத்ததும் விறுவிறுவென்று சுற்றியது. பின் வரிசையில் பேசவே பேசாத ஒரு பெண் எழுந்து, "சார், வெள்ளிப் பக்கம்தானே ஒளியைத் திருப்பி அடிக்கும், அங்கேதானே ரெண்டு மடங்கு தள்ளும், அப்போ வெள்ளிப் பக்கம் பின்னால் போகணும், இது கறுப்புப் பக்கமல்லவா பின்னால் போகுது?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. காற்றாடி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். குமிழுக்குள் முழு வெற்றிடம் கிடையாது, கொஞ்சம் காற்று இருக்கிறது. கறுப்புப் பக்கம் வெயிலில் அதிகம் சூடாகிறது. தகட்டின் சூடான பக்கத்துக்கும் ஆறிய பக்கத்துக்கும் இடையே, குறிப்பாக விளிம்புகளில், காற்று மூலக்கூறுகள் நகர்வதில் உண்டாகிற விசைதான் அதைச் சுற்றுகிறது. ஒளி அழுத்தம் அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. குமிழைச் செய்தவர் க்ரூக்ஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர், அவரும் முதலில் ஒளி அழுத்தம் என்றுதான் நினைத்தார் என்பது எனக்கு ஒரு சின்ன ஆறுதல். லெபதேவ் அளந்தபோது அவருக்குத் தலைவலி கொடுத்ததும் இந்த மிச்சக் காற்றுதான்.

பாய் என்றால் வெளிச்சம் போகிற பக்கம்தானே போகும்? சூரியனை நோக்கி வர முடியுமா?

இது என் மாமா கேட்டது. இந்தப் பக்கத்தில் வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது.

அவர் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிறவர். இப்போது மோட்டார் வைத்திருக்கிறார், இளவயதில் பாய் கட்டி ஓட்டியவர். ராக்கெட் விடுகிற நாளில் கடல் பக்கம் விடமாட்டார்கள், கரையில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருப்பார். நான் ஒளிப்பாய் பற்றிச் சொன்னதும் ஊசியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மாப்ள, காத்து போற பக்கம் எவன் வேணா போவான். குறுக்க போவணும்னா படகுக்குத் தண்ணியில பிடி இருக்கணும். அடிமரமும் சுக்கானும் தண்ணிக்குள்ள பிடிச்சிக்கிட்டாத்தான் பாய் பேச்சைக் கேக்கும். உன் ஆகாசத்துல எது பிடி?"

சரியான கேள்வி. படகைக் காற்று ஒரு பக்கம் தள்ளும், தண்ணீர் பக்கவாட்டில் நழுவ விடாது, இரண்டும் சேர்ந்துதான் எதிர்க்காற்றில்கூடக் குறுக்கும் நெடுக்குமாக ஏறிப் போக முடிகிறது. வெற்றிடத்தில் தண்ணீர் கிடையாது. அங்கே பிடி, சூரியனின் ஈர்ப்பு.

பூமியிலிருந்து கிளம்புகிற எந்தக் கலமும் சும்மா நின்றுகொண்டிருக்கவில்லை. பூமியோடு சேர்ந்து நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்கெனவே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. திருவிழாவில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். பைக் ஓட்டுகிறவர் வேகத்தைக் கூட்டினால் சுவரில் மேலே ஏறுவார், குறைத்தால் கீழே இறங்குவார், யாரும் அவரைக் கீழே தள்ள வேண்டியதில்லை. கலமும் ஏறக்குறைய அப்படித்தான். அது ஓடுகிற திசையில் கொஞ்சம் தள்ளிவிட்டால் சுற்றுப்பாதை விரியும், ஓடுகிற திசைக்கு எதிராகக் கொஞ்சம் தள்ளினால் சுருங்கிச் சூரியனை நோக்கி இறங்கும். (ஒப்புமை ஓர் இடத்தில் உடையும்: உள்ளே இறங்கிய கலத்தின் வேகம் முன்பை விடக் கூடிவிடும், ஈர்ப்பு இழுப்பதால். பரீட்சையில் இதைக் கேட்டால் பைக்கை மறந்துவிடுங்கள்.)

அதற்குப் பாயைச் சாய்த்தால் போதும். கண்ணாடிப் பாயில் விழும் தள்ளல் எப்போதும் பாயின் பரப்புக்குச் செங்குத்தாக இருக்கும். நேரே பிடித்தால் முழு விசையும் சூரியனை விட்டு விலகும் திசையில், அதனால் பாதையில் பெரிய மாற்றம் வராது. சாய்த்தால் விசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் கிடைக்கும், முன்பக்கமா பின்பக்கமா என்பது எந்தப் பக்கம் சாய்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ரொம்பச் சாய்த்தால் பாய் பிடிக்கிற வெளிச்சமே குறைந்துவிடும். இரண்டையும் கணக்குப் பார்த்தால் பக்கவாட்டு விசை மிக அதிகமாகக் கிடைப்பது சுமார் 35 பாகைச் சாய்வில், முழு விசையில் 38 சதவீதம்.

ஆக சூரியனை நோக்கியும் வரலாம், விலகியும் போகலாம், ஒரே பாயால். மாமாவிடம் இதைச் சொல்லி முடித்ததும், "அப்போ சூரியன்தான் காத்தும், சூரியன்தான் தண்ணியும்னு சொல்லு" என்றார். நான் அரைமணி நேரம் வெள்ளைப் பலகையில் படம் போட்டு விளக்குவதை இப்படி ஒரு வரியில் முடித்துவிட்டார்.

இன்னொன்று. நாம் படுக்கிற பாய்க்கும் படகுப் பாய்க்கும் தமிழில் ஒரே சொல். தெலுங்கில் படகுப் பாய்க்குத் தெரசாப என்பார்கள், அதிலும் சாப என்றால் படுக்கும் பாய்தான்.

தள்ளுகிற ஆற்றல் எங்கிருந்து வருகிறது? கண்ணாடி எல்லா ஒளியையும் திருப்பி அனுப்பிவிட்டால் கலத்துக்கு என்ன மிச்சம்?

நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் மாட்டிக்கொள்கிற இடம். திருப்பி அனுப்புகிற ஒளி, வந்த ஒளியைப் போலவே இருப்பதில்லை, கொஞ்சம் சிவந்திருக்கும்.

பின்னால் போய்க்கொண்டிருக்கிற சுவரில் ரப்பர் பந்தை எறிந்தால் எறிந்த வேகத்தில் திரும்பாது, குறைந்துதான் திரும்பும். குறைந்தது சுவருக்குப் போய்விட்டது. ஒளிக்கு வேகம் குறையாது, அதற்குப் பதில் அலைவெண் குறையும். தடா ரயில்வே கேட்டில் நின்றால் கடந்து போகும் ரயிலின் ஹாரன் சட்டென்று தடித்துக் கேட்குமே, அதே விளைவுதான். பாய் நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒளிமூலத்தை விட்டு விலகிக்கொண்டிருந்தால் திரும்பும் ஒளி 0.02 சதவீதம் சிவந்திருக்கும், அந்தத் துளிதான் கலத்துக்கு வந்த ஆற்றல். பாய் அசையாமல் நின்றால் விசை உண்டு, ஆனால் ஆற்றல் ஏதும் சேராது. அதே பாய் ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கில் விலகினால் விழுகிற ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மெதுவாகப் போகிறபோது ஒளிப்பாய் படு ஊதாரி, வேகம் எடுத்த பிறகுதான் சிக்கனம் வரும்.

பாயை எதில் செய்கிறார்கள்?

சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து உள்பக்கத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக்கின்மேல் கண்ணுக்குத் தெரியாத கனத்தில் அலுமினியப் பூச்சு. கொள்கையளவில் அதேதான், ஆனால் பல மடங்கு மெல்லியது. லைட்செயில் 2-இன் மைலார் தாள் 4.5 மைக்ரான், தலைமுடியில் பதினைந்தில் ஒரு பங்கு. ஜப்பானின் இகாரோஸ் கலத்துடையது 7.5 மைக்ரான் பாலிஇமைடு, அதுவும் ஒரு பிளாஸ்டிக்தான்.

இந்த மெல்லிசுகூடப் போதாது என்பதுதான் வேடிக்கை. பாயும் கலமும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு 1.53 கிராமாக இருந்தால், ஒளி தள்ளுவதும் சூரியன் இழுப்பதும் சமமாகிவிடும், கலம் விரும்பிய இடத்தில் அப்படியே நிற்கலாம். மைலார் தாள் மட்டுமே சதுர மீட்டருக்கு 6 கிராம் தாண்டும். அதில் கட்டுகிற கழி, கேமரா, பேட்டரி எல்லாம் வேறு.

உண்மையான கஷ்டம் தாளில் இல்லை, விரிப்பதில் இருக்கிறது. ஒரு சென்ட், இரண்டு சென்ட் பரப்பை ரொட்டிப் பாக்கெட் அளவுக்கு மடித்து, ராக்கெட்டின் அதிர்ச்சியெல்லாம் தாங்க வைத்து, மேலே போய் யாருடைய கையும் படாமல் கிழியாமல் சிக்காமல் விரிய வேண்டும். கல்யாண வீட்டில் ஷாமியானா விரிக்கிறபோது நாலு மூலைக்கு நாலு பேர் நின்று கத்துவோம், அப்படியும் ஒரு முனை மாட்டிக்கொள்ளும். இகாரோஸில் கழியே கிடையாது. நான்கு மூலையிலும் அரைக் கிலோ எடை கட்டிக் கலத்தைப் பம்பரம் மாதிரிச் சுழற்றினார்கள், எடைகள் வெளியே இழுக்க, பாய் விரிந்துகொண்டது.

இதுவரை யாராவது ஓட்டிக் காட்டியிருக்கிறார்களா?

காட்டியிருக்கிறார்கள். முதலில் ஜப்பான். 2010 மே 21-இல் ஏவிய இகாரோஸ், 14 மீட்டருக்கு 14 மீட்டர் பாய், கிட்டத்தட்ட ஐந்து சென்ட். ஒளி தள்ளுவது 1.12 மில்லி நியூட்டன் என்று பறக்கும்போதே அளந்தார்கள். அந்த டிசம்பரில் வெள்ளிக் கிரகத்தைக் கடந்து போனது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது திருப்புகிற முறை: பாயின் ஓரங்களில் கால்குலேட்டர் திரை மாதிரியான திரவப் படிகத் தகடுகள், மின்சாரம் கொடுத்தால் பளபளக்கும், நிறுத்தினால் மங்கும். ஒரு ஓரம் பளபளத்து எதிர் ஓரம் மங்கினால் இரண்டு பக்கத் தள்ளலும் வேறுபடும், பாய் தானாகத் திரும்பும். சுக்கானே வெளிச்சம்தான்.

அப்புறம் அமெரிக்காவின் பிளானட்டரி சொசைட்டி, பொதுமக்கள் நன்கொடையில் செய்த லைட்செயில் 2. 2019 ஜூனில் போய், ஜூலையில் பாய் விரித்தது. ஒவ்வொரு சுற்றிலும் சூரியனை விட்டு விலகும்போது பாயை நேரே பிடிப்பதும், சூரியனை நோக்கி வரும்போது விளிம்பைக் காட்டி ஒதுங்குவதுமாகச் செய்து, ஒரு வாரத்தில் சுற்றுப்பாதையின் ஒரு முனையைச் சுமார் 1.7 கிலோமீட்டர் உயர்த்திக் காட்டியது. 720 கிலோமீட்டர் உயரத்திலும் மெல்லிய காற்று இருக்கிறது, இவ்வளவு பெரிய பாயை அது பிடித்து இழுக்கும். கடைசியில் காற்றுதான் ஜெயித்தது, 2022 நவம்பரில் கலம் கீழே விழுந்து எரிந்துபோனது. நாசா 2024 ஏப்ரலில் அனுப்பிய இரண்டு சென்ட் பாய், ஏசிஎஸ்3, இந்தத் தொல்லை இல்லாமல் இருக்க 1000 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது.

தோல்விகளும் உண்டு. 2005-இல் காஸ்மாஸ் 1 என்ற ஒளிப்பாய்க் கலம், ஏவிய ராக்கெட்டின் கோளாறால் சுற்றுப்பாதைக்கே போகவில்லை. 2022 நவம்பரில் நாசாவின் ஆர்ட்டெமிஸ் 1 நிலாப் பயணத்துடன் போன என்இஏ ஸ்கவுட் கலம், பாய் விரிப்பதற்கு முன்பே தொடர்புக்கு வராமல் போய்விட்டது.

இந்தியா இதில் ஏதாவது செய்திருக்கிறதா?

ஒளியால் பயணம் போகிற கலம் நாம் விட்டதில்லை. ஆனால் ஒளி அழுத்தத்தோடு இந்தியாவின் கணக்கு 1982-லேயே தொடங்கிவிட்டது, பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை.

இன்சாட் செயற்கைக்கோள்களின் பழைய படங்களைப் பாருங்கள். ஒரு பக்கம்தான் சூரியத் தகடு, மறுபக்கம் நீளமான கழியின் முனையில் ஒரு கூம்பு மாதிரி எதுவோ. கேமராவைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு பக்கத்தை வெறும் வானத்துக்குத் திறந்துவிட வேண்டியிருந்ததால் அங்கே தகடு வைக்க முடியாது. ஒரு பக்கம் மட்டும் தகடு இருந்தால் வெயில் அதைத் தள்ளித் தள்ளிச் செயற்கைக்கோளையே மெல்லத் திருப்பிவிடும், ஒற்றைப் பக்கம் பாரம் வைத்த காவடி மாதிரி. அதைச் சமன் செய்ய எதிர்ப்பக்கம் கட்டியதுதான் அந்தச் சூரியப் பாய். 1982 ஏப்ரலில் ஏவிய இன்சாட்-1ஏ-வில் அந்தப் பாய் விரியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், நிலையைப் பிடித்து வைக்கிற எரிபொருள் தீர்ந்து, அதைக் கைவிட வேண்டியதாயிற்று. பின்னால் வந்த பல இன்சாட்களில் பாய் ஒழுங்காக விரிந்து வேலை செய்திருக்கிறது.

ஒளியை இப்படி ஊன்றுகோலாகப் பிடித்துப் பிழைத்த கலங்களும் உண்டு. நாசாவின் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் நான்கு சமநிலைச் சக்கரங்களில் இரண்டு 2013-க்குள் கெட்டுப்போயின. வெயில் இரு பக்கமும் சமமாக விழுகிற மாதிரிக் கலத்தைத் திருப்பி வைத்து, ஒளி அழுத்தத்தையே மூன்றாவது காலாக்கி, 2018 வரை ஓட்டினார்கள்.

ஸ்ரீஹரிகோட்டாவில் பெரிய லேசர் வைத்து ராக்கெட்டையே தூக்கிவிடலாமே?

முடியாது. பிஎஸ்எல்வி சுமார் 320 டன். அதை ஒளி அழுத்தத்தால் தரையிலிருந்து கிளப்ப வேண்டுமென்றால் இன்று உலகம் முழுக்க ஓடுகிற மின்சாரத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் வேண்டும். ராக்கெட் தூக்கிக் கொடுக்கட்டும், பாய் அதற்குப் பிறகு.

அப்படியானால் லேசரால் நட்சத்திரத்துக்கே போகலாம் என்கிறார்களே?

2016-இல் கோடீஸ்வர முதலீட்டாளர் யூரி மில்னரும் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கும் சேர்ந்து அறிவித்த ஸ்டார்ஷாட் திட்டத்தைக் கேட்கிறீர்கள். சில கிராம் எடையுள்ள கலம், சில மீட்டர் அகலப் பாய், தரையிலிருந்து 100 கிகாவாட் லேசர். சில நிமிடங்கள் தள்ளினால் ஒளியின் வேகத்தில் 20 சதவீதம். 4.37 ஒளியாண்டு தூரத்திலுள்ள ஆல்ஃபா சென்டாரிக்கு இருபது சொச்சம் ஆண்டில் போய்விடலாம்.

இயற்பியல் இதைத் தடுக்கவில்லை. சூரிய ஒளி தூரம் போகப் போக வலுவிழக்கும், இரண்டு மடங்கு தூரத்தில் கால் பங்குதான். அதனால் நட்சத்திரம் வரை போக நாமே வெளிச்சம் பாய்ச்ச வேண்டும் என்பது சரியான யோசனை. கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் மூச்சு முட்டுகிறது. 100 கிகாவாட் என்பது கூடங்குளத்தில் ஓடுகிற மாதிரி 1000 மெகாவாட் உலைகள் நூறு. அவ்வளவையும் கண்ணாடியில் பாய்ச்சினால் கிடைக்கிற விசை 667 நியூட்டன், ஒரு வளர்ந்த ஆளின் எடை.

அதைவிடப் பெரிய தொல்லை சூடு. பாய் தன்மேல் விழுகிற ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை விழுங்கினால்கூட ஒரு மெகாவாட், அதுவும் கிராம் கணக்கில் எடையுள்ள பொருளில். அலுமினியம் சில சதவீதம் விழுங்கும், நொடியில் ஆவியாகிவிடும். கற்றை விரிவது இன்னொரு தொல்லை. நிலாவில் அப்போலோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளுக்கு இங்கிருந்து அனுப்புகிற லேசர், அங்கே போய்ச் சேரும்போது சில கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடுகிறது. ஸ்டார்ஷாட்டுக்கோ லட்சக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் சில மீட்டர் பாயில் குவிய வேண்டும், அதற்குக் கிலோமீட்டர் கணக்கில் லேசர் வயல் வேண்டும். அங்கே போனபின் நிறுத்த பிரேக்கும் இல்லை. என் பிள்ளைகள் காலத்தில் இது நடக்கும் என்று நான் நம்பவில்லை, அவர்களிடமும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

வெயில் பூமியையும் தள்ளுகிறதா?

தள்ளுகிறது, சுமார் 58 கோடி நியூட்டன், 59,000 டன் எடைக்குச் சமம். சூரியன் இழுப்பது அதைப்போல 60 லட்சம் கோடி மடங்கு. கவலை வேண்டாம்.

நடைமுறையில் இதற்கு எங்கே வேலை இருக்கிறது?

நட்சத்திரக் கனவை விட எனக்கு இதுதான் சுவையாகப் படுகிறது. ஆதித்யா-எல்1 இங்கிருந்து 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பியதை மாடியில் நின்று பார்த்தோம். அது பூமியிலிருந்து சூரியன் பக்கம் 15 லட்சம் கிலோமீட்டரில், சூரியன், பூமி இரண்டின் இழுப்பும் கணக்காக ஒத்துப்போகிற எல்1 புள்ளியைச் சுற்றி நின்று பார்க்கிறது. அங்கே நின்றால் சூரியப் புயல் பூமிக்கு வருவதற்குச் சுமார் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே தெரியும். இன்னும் முன்பே தெரிய வேண்டுமென்றால் சூரியனுக்கு இன்னும் பக்கத்தில் நிற்க வேண்டும், ஆனால் எல்1-ஐ விட்டு உள்ளே நகர்ந்தால் சூரியன் இழுத்துக்கொள்ளும்.

அங்கே ஒரு பாயை விரித்துப் பிடித்தால்? ஒளி வெளியே தள்ளுகிற அளவுக்குச் சூரியனின் இழுப்பு குறைந்த மாதிரி ஆகிவிடும், சமநிலைப் புள்ளியே சூரியன் பக்கமாக நகர்ந்துவிடும். எரிபொருள் வைத்து இதைச் செய்யவே முடியாது, மாதக் கணக்கில் எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாய் பெரியதாக ஆக இன்னும் உள்ளே போய் நிற்கலாம். பூமியிலிருந்து இரு மடங்கு தூரத்தில் நின்றால் எச்சரிக்கை நேரமும் ஏறக்குறைய இரு மடங்கு.

ராத்திரியில் என்ன செய்யும்?

மறுபடியும் மாமா. பூமிக்கு அருகில் சுற்றுகிற பாய்க்கு ராத்திரி உண்டு. லைட்செயில் 2 ஒரு சுற்றைச் சுமார் நூறு நிமிடத்தில் முடிக்கும், பூமியின் நிழலுக்குள் போகிறபோதெல்லாம் தள்ளல் நின்றுவிடும், வெளியே வந்ததும் மறுபடி பிடிக்கும். பூமியை விட்டு விலகிப் போய்விட்டால் நிழல் கிடையாது. வருஷம் முழுக்க ஒரே பக்கத்திலிருந்து விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும்.

"காத்து விழாதா?" என்றார். விழாது என்றேன். அவர் காலத்தில் ஏரி நடுவில் காற்று விழுந்துவிட்டால் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கரை வரை கோல் ஊன்றிக்கொண்டே வர வேண்டும், கை காய்ந்துவிடும். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி வலையை எடுத்துக்கொண்டார்.